ஆலிவ் எண்ணெயின் கமறலும் ரத்தப் புற்றுநோயும்

ஆலிவ் எண்ணெய் பழச்சதையைப் பிழிந்து எடுப்பது. எள்ளும் நிலக்கடலையும் சூரியகாந்தியும் விதையிலிருந்து எண்ணெய் தருபவை. தேங்காயில்கூட எண்ணெய் இருப்பது விதைப்பருப்பில்தான். ஆலிவின் எண்ணெயோ கொட்டையைச் சுற்றியுள்ள சதையில் ஊறிக்கிடக்கிறது. தமிழ் விவிலியத்தில் ஒலிவ மரம் என்று வருவது இந்த மரம்தான். அதன் காயை மரத்திலிருந்து பறித்து அப்படியே கடித்தால் வாயில் வைத்திருக்க முடியாது, அவ்வளவு கசப்பு. பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் காயைக் காப்பதற்காக மரம் சேர்த்துவைக்கும் பீனால் சேர்மங்களிலிருந்து வருவது அந்தக் கசப்பு. காயைக் கூழாக்கிப் பிழியும்போது இவற்றில் ஒரு சிறு பங்கு எண்ணெயோடு சேர்ந்து வந்துவிடுகிறது. ஆலிவ் எண்ணெய் ரத்தப் புற்றுநோயிலிருந்து காக்கக்கூடுமா என்று தேடும் ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்தச் சிறு பங்கைச் சுற்றியே நடக்கிறது.

எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு கொழுப்பு. அதில் 55 முதல் 83 சதவீதம் வரை ஒலியிக் அமிலம். மீதமுள்ள இரண்டு பங்குக்குள் ஸ்குவாலீன், வைட்டமின் ஈ, நிறமிகள், பீனால்கள் எல்லாம் அடங்கிவிடும். ஒரு கிலோவில் 50 மில்லிகிராம் பீனால்கூடத் தேறாத எண்ணெய்களும் உண்டு, 500 மில்லிகிராமைத் தாண்டுபவையும் உண்டு. காயைப் பச்சையாகப் பறித்தார்களா, கனிந்து கறுத்த பிறகு பறித்தார்களா, எந்த வகை மரம், பிழிந்து எத்தனை மாதம் ஆயிற்று என்பதையெல்லாம் பொறுத்தது அது. கிரேக்கத்தின் கொரோனெய்கி, ஸ்பெயினின் பிக்குவால், தெற்கு இத்தாலியின் கொராத்தினா ஆகிய வகைகள் பீனால் மிகுந்தவை என்று பெயர் பெற்றவை.

இந்தப் பீனால்களில் ஹைட்ராக்ஸிடைரோசால், ஓலியாசீன், ஓலியோகாந்தால் ஆகிய மூன்றும் அதிகமாக ஆராயப்பட்டவை. பின்னிரண்டும் பெரும்பாலும் காய் நசுங்கும்போதுதான் பிறக்கின்றன. சதை நசுங்கியதும் அதன் நொதிகள் வெளிப்பட்டு, காயின் கசப்புச் சேர்மங்களை உடைத்து இவற்றை உண்டாக்குகின்றன. முழுக் கடுகை உள்ளங்கையில் வைத்து முகர்ந்தால் நெடி இல்லை. அம்மியில் வைத்து அரைத்ததும் மூக்கில் ஏறுகிறது. ஆலிவ் ஆலையில் நடப்பதும் அதே போன்ற ஒரு வேதிவினைதான்.

ரத்தப் புற்றுநோய் என்ற ஒரே பெயரில் பல நோய்கள் அடங்கியிருக்கின்றன. எலும்பு மஜ்ஜையிலிருந்து ஒவ்வொரு நாளும் பல ஆயிரம் கோடிக் கணக்கில் புது ரத்த அணுக்கள் பிறக்கின்றன. ஆயுள் முடிந்தவை அதே கணக்கில் மடிகின்றன. இந்த வரவு செலவில் எங்கேனும் பிசகு ஏற்பட்டு, ஒரு வகை அணு கட்டுமீறிப் பெருகினாலோ மடிய வேண்டிய நேரத்தில் மடியாமல் தேங்கினாலோ புற்றுநோய் ஆகிறது. வெள்ளையணுக்கள் மஜ்ஜையிலும் ரத்தத்திலும் பெருகினால் லுகேமியா. நிணநீர்க் கணுக்களில் திரண்டால் லிம்போமா. எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா அணுக்கள் மஜ்ஜையில் பெருகி எலும்பை அரித்தால் மயலோமா. கதிர்வீச்சு, பென்சீன், புகையிலை, சில வைரஸ்கள், முன்னர் பெற்ற சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவை இவற்றில் சிலவற்றுக்குக் காரணம் என்பது உறுதிப்பட்டிருக்கிறது. ஆயினும் பெரும்பாலான நோயாளிகளிடம் இன்னதுதான் காரணம் என்று விரல்நீட்டிச் சொல்ல முடிவதில்லை. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகையிலைபோல ஒரே பெரிய எதிரி இங்கே இல்லாததால், தடுப்பு என்ற பேச்சே இந்த நோய்களில் கடினமானது. உணவின்மீது ஆராய்ச்சியாளர்களின் கவனம் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓலியோகாந்தாலைக் கண்டுபிடித்தது ஒருவருடைய தொண்டை. 1999இல் சிசிலித் தீவின் எரிச்சே என்ற மலையூரில் உணவறிவியல் கூட்டம் ஒன்று நடந்தது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலுள்ள மோனெல் சுவை, மண ஆய்வு மையத்தைச் சேர்ந்த கேரி போஷாம்ப் அங்கே புதிதாகப் பிழிந்த ஆலிவ் எண்ணெயைச் சுவைத்துப் பார்த்தார். நாக்கில் ஒன்றும் தெரியவில்லை. விழுங்கிய பிறகு தொண்டையின் பின்புறத்தில் ஒரு கமறல். அந்தக் கமறல் அவருக்குப் பழக்கமானது. வலி, காய்ச்சலுக்குக் கொடுக்கும் இப்யூபுரோஃபென் மருந்தைத் திரவமாகச் சுவைத்து ஆராய்ந்த நாட்களில் அவர் தொண்டையில் உணர்ந்த அதே கமறல், அதே இடம். ஊர் திரும்பியதும் அவரும் சக ஆய்வாளர் பால் பிரெஸ்லினும் மற்றவர்களும் சேர்ந்து அந்தச் சேர்மத்தைத் தனியாகப் பிரித்தார்கள். பிறகு அதையே ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கி, கமறல் இல்லாத மக்காச்சோள எண்ணெயில் கலந்து குடித்துப் பார்த்தார்கள். தொண்டை கமறியது. குற்றவாளி அதுதான் என்று உறுதியாயிற்று.

2005இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான அவர்களது கட்டுரை சுவையோடு நின்றுவிடவில்லை. உடலில் அழற்சியைத் தூண்டும் காக்ஸ்-1, காக்ஸ்-2 என்ற நொதிகளை இப்யூபுரோஃபென் எப்படி அடக்குகிறதோ, அப்படியே ஓலியோகாந்தாலும் அடக்குவதைக் காட்டியது. நல்ல எண்ணெயாக நாளொன்றுக்கு 50 கிராம் உண்பவருக்குக் கிடைப்பது, வலிக்காக ஒரு பெரியவர் எடுக்கும் இப்யூபுரோஃபென் அளவில் சுமார் பத்தில் ஒரு பங்குக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். தலைவலிக்கு அது போதாது. ஆனால் பல பத்தாண்டுகள் விடாமல் நாள்தோறும் உடலுக்குள் போகும் சிறு அளவு வேறு வகையில் வேலை செய்யலாம். நாட்பட்ட அழற்சி பல புற்றுநோய்களுக்கு உரமாக அமைவது தெரிந்ததே. நாட்பட்ட லிம்போசைட் லுகேமியாவிலும் மயலோமாவிலும் அழற்சிச் சமிக்ஞைகளும் புற்றணுக்களைச் சாகாமல் தாங்கிப் பிடிக்கின்றன. ஆலிவ் எண்ணெய்க்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் இடையே உறவு இருக்கலாம் என்ற ஊகத்துக்கு இது முதல் அடிப்படை.

இரண்டாவது அடிப்படை ஆக்ஸிஜனேற்றச் சேதம். உடலின் இயல்பான இயக்கத்திலேயே பிறக்கும் வினைவேகம் மிக்க ஆக்ஸிஜன் துகள்கள் டிஎன்ஏவைத் தாக்குகின்றன. இடையறாது பிளந்து பெருகும் மஜ்ஜை அணுக்களில் இந்தச் சேதம் திருத்தப்படாமல் நின்றுவிட்டால் ஆபத்து. ஹைட்ராக்ஸிடைரோசால் இத்துகள்களை அடக்கவல்லது. ரத்தக் கொழுப்பை ஆக்ஸிஜனேற்றத்திலிருந்து ஆலிவ் பீனால்கள் காக்கின்றன என்று எண்ணெய் பாட்டிலில் அச்சிட ஐரோப்பிய ஒன்றியமே 2012இல் அனுமதி அளித்தது. 20 கிராம் எண்ணெயில் குறைந்தது 5 மில்லிகிராம் ஹைட்ராக்ஸிடைரோசாலும் அதன் வழிப்பொருள்களும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் அந்த அனுமதி ரத்தக் கொழுப்பைப் பற்றியது மட்டுமே. புற்றுநோயைப் பற்றிய சொல் எதுவும் அதில் இல்லை.

மூன்றாவது அடிப்படை ஆய்வகத்திலிருந்து வருகிறது. ஹெச்எல்-60 என்பது லுகேமியா நோயாளி ஒருவரின் ரத்தத்திலிருந்து 1970களில் எடுக்கப்பட்டு, இன்றும் உலகெங்கும் ஆய்வகக் குடுவைகளில் வளர்க்கப்படும் அணுவரிசை. இத்தாலியின் பெருஜியா பல்கலைக்கழகத்தினர் ஆலிவ் எண்ணெயிலிருந்து பிரித்த பீனால்களை இந்த அணுக்களின்மீது இட்டுப் பார்த்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். அணுக்கள் பெருகுவது தடைபட்டது. பல அணுக்கள் தம்மைத் தாமே அழித்துக்கொண்டன. சில, முதிராத புற்றணு நிலையை விட்டு முதிர்ந்த வெள்ளையணுவை நோக்கி நகர்ந்தன. லுகேமியாவில் அணுக்கள் முதிராமல் நின்றுபோவதே அடிப்படைக் கோளாறு என்பதால், முதிரவைத்தது என்ற செய்தி மதிப்புள்ளது.

அதே குழு அத்தோடு விட்டுவிடாமல் தன் முடிவைத் தானே சோதித்தது பாராட்டத்தக்கது. ஹைட்ராக்ஸிடைரோசால் குடுவையிலுள்ள வளர்ப்புத் திரவத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது என்பதையும், லுகேமியா அணுக்களைக் கொல்வது அந்தப் பெராக்சைடுதான் என்பதையும் 2009இல் அவர்கள் காட்டினார்கள். பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்தபோது அணுக்கள் தப்பின. மனித ரத்தத்தில் கேட்டலேஸ் தாராளமாக இருக்கிறது. குடுவையில் நடந்தது உடலுக்குள்ளும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. எல்லா ஆலிவ் பீனால்களும் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன என்பதும் இல்லை என்று பின்னர் அவர்களே கண்டார்கள்.

ஓலியோகாந்தால் கொல்லும் விதம் வேறு. ஒவ்வொரு அணுவுக்குள்ளும் லைசோசோம் என்ற சிறு பைகள் உண்டு. அணுவின் கழிவைச் செரிக்கும் நொதிகள் அவற்றுக்குள் கட்டிவைக்கப்பட்டிருக்கும். புற்றணுக்களில் இந்தப் பைகள் பெருத்து, சவ்வு நலிந்து இருக்கும். பிரெஸ்லினும் நியூயார்க் ஆய்வாளர்கள் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓலியோகாந்தால் அந்தச் சவ்வை ஓட்டையாக்குகிறது; உள்ளிருக்கும் நொதி கசிந்து அணுவையே தின்கிறது. புற்றணுக்கள் ஒரு மணி நேரத்துக்குள் மடிந்தன. நலமான அணுக்கள் சிறிது காலம் முடங்கிக் கிடந்து மீண்டன. அந்த ஆய்வில் பயன்பட்டவை மார்பகம், கணையம், புரோஸ்டேட் ஆகியவற்றின் புற்றணுக்கள். மயலோமா அணுக்களில் நடந்த தனி ஆய்வு ஒன்று, எலும்பை அரிக்கத் தூண்டும் எம்ஐபி-1 ஆல்ஃபா என்ற புரதத்தை ஓலியோகாந்தால் குறைப்பதைக் கண்டது. ஓலியாசீனும் மயலோமா அணுக்களின் பெருக்கத்தைத் தடுப்பதாக இத்தாலிய ஆய்வாளர்கள் 2019இல் எழுதினார்கள்.

எண்ணெயின் பெரும்பங்கான ஒலியிக் அமிலத்தையும் ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை. ஸ்பெயினின் மயோர்க்கா தீவிலுள்ள பலேரிக் தீவுகள் பல்கலைக்கழகத்தில் பாப்லோ எஸ்கிரிபாவின் குழு ஒலியிக் அமிலத்தின் அமைப்பில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்த்து மினர்வால் என்ற பொருளை உருவாக்கியது. அது அணுச்சவ்வின் கொழுப்பு அமைப்பை மாற்றி, சவ்வில் ஒட்டிக்கொண்டு ‘பெருகு, பெருகு’ என்று ஏவிக்கொண்டிருக்கும் புரதங்களை அங்கிருந்து கழற்றுகிறது. லுகேமியா அணுக்கள் உட்படப் பல புற்றணுக்களை அது ஆய்வகத்தில் அழித்தது; மூளைக்கட்டிக்கான மருந்தாக மனிதச் சோதனை வரை சென்றது. இந்தச் செய்தி அவ்வப்போது ‘ஆலிவ் எண்ணெய் லுகேமியாவைக் குணமாக்கும்’ என்ற வடிவில் பரவுகிறது. அது பிழை. மினர்வால் ஆய்வகத்தில் வடிவமைத்த மருந்து; கடையில் வாங்கும் எண்ணெயைக் குடித்து அந்த மருந்தின் பலனைப் பெற முடியாது.

மனிதர்களிடம் நேரடியாக நடந்த சோதனை கிரேக்கத்திலிருந்து வந்தது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நோய் நாட்பட்ட லிம்போசைட் லுகேமியா, முதியவர்களுக்கு வருவது. மேற்கத்திய நாடுகளில் பெரியவர்களிடம் அதிகம் காணப்படும் லுகேமியா இது, இந்தியாவில் குறைவு. இந்நோயில் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் கடகடவென்று பெருகுவதைவிட, சாக மறுத்துத் தேங்குவதே பெரிய கோளாறு. தொடக்க நிலையில் பலருக்கு மருந்தே தேவைப்படாது. மாதக் கணக்கில், சிலருக்கு ஆண்டுக் கணக்கில், ரத்தத்தைச் சோதித்துக்கொண்டு காத்திருப்பதுதான் முறை. நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ராய் நிலைப்பாடு, ஜோத்பூரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய காந்தி ராய் 1975இல் வகுத்தது. மருந்து எதுவும் எடுக்காமல் காத்திருக்கும் நோயாளிகள் இருப்பதால், உணவு ஒன்றின் விளைவை மட்டும் பிரித்துப் பார்க்க இந்நோய் ஏற்றது.

பெலொப்பொனீஸ் பல்கலைக்கழகத்தையும் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள் ராய் நிலை 0 முதல் 2 வரை இருந்த நோயாளிகளுக்கு ஓலியோகாந்தாலும் ஓலியாசீனும் மிகுந்த எண்ணெயைக் கொடுத்தார்கள். முதல் கட்டம் 20 பேருடன் மூன்று மாதம். இடைவெளி விட்டு நடந்த இரண்டாம் கட்டத்தில் 22 பேர் நாளொன்றுக்கு 40 மில்லி வீதம் ஆறு மாதம் உட்கொண்டார்கள். வெள்ளையணுக்களின் எண்ணிக்கையும் லிம்போசைட்டுகளின் எண்ணிக்கையும் குறைந்தன. அணு தன்னைத்தானே அழித்துக்கொள்வதைக் காட்டும் புரதக் குறியீடுகள் கூடின. சாவைத் தடுக்கும் சர்வைவின் என்ற புரதம் குறைந்தது. சாக மறுக்கும் அணுக்களின் நோயில், சாவின் அடையாளங்கள் கூடியது பொருள் பொதிந்த முடிவு. 2022இல் வெளியான இந்த ஆய்வைத் தொடக்கச் சோதனை என்றே அதைச் செய்தவர்கள் அழைத்தார்கள். அது சரியான பெயர். 22 பேர் மிகக் குறைவு. ஆறு மாதம் மிகக் குறுகிய காலம். இந்நோயில் லிம்போசைட் எண்ணிக்கை தானாகவே சற்று ஏறி இறங்குவதும் உண்டு. நோயாளியின் ஆயுள் கூடியதா, மருந்து தேவைப்படும் நாள் தள்ளிப்போயிற்றா என்பதை அது சொல்லவில்லை.

நோய் வந்தவர்களிடம் எண்ணெய் என்ன செய்கிறது என்பது ஒன்று. நலமாக இருப்பவரை அது காக்கிறதா என்பது வேறு. இரண்டாவதற்கு விடை தேட, ஊர் ஊராக மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க வேண்டும். பத்து ஐரோப்பிய நாடுகளில் நடந்த எபிக் ஆய்வில் 4,76,160 பேரின் உணவுப் பழக்கம் மதிப்பிடப்பட்டது. ஆலிவ் எண்ணெய், காய்கறி, பழம், பருப்பு, மீன், முழுத் தானியம் மிகுந்து இறைச்சி குறைந்த மத்தியத் தரைக்கடல் உணவுமுறையை ஒவ்வொருவரும் எவ்வளவு நெருங்கிப் பின்பற்றுகிறார் என்று மதிப்பெண் இட்டார்கள். சராசரியாக 13.9 ஆண்டுகளில் 3,136 பேருக்கு லிம்போமா வந்தது. மதிப்பெண் ஒன்று கூடும்போது லிம்போமா வாய்ப்பு 2 சதவீதம் குறைந்திருந்தது. மிகச் சிறிய குறைவு; அதிக மதிப்பெண்காரர்களையும் குறைந்த மதிப்பெண்காரர்களையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது வேறுபாடு உறுதியாகத் தெரியவில்லை. ஸ்பெயினில் நாட்பட்ட லிம்போசைட் லுகேமியா நோயாளிகளிடம் நடந்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. மத்தியத் தரைக்கடல் உணவு இந்நோயிலிருந்து காத்ததாக அதில் தெரியவில்லை. ஆனால் பதப்படுத்திய இறைச்சி, கொழுப்பு மிகுந்த பால்பொருள், இனிப்பு, பொட்டல உணவு என்று உண்டவர்களிடம் நோய் அதிகமாக இருந்தது. நல்லதைச் சேர்ப்பதைவிடக் கெட்டதை விலக்குவதே இங்கு முக்கியமாக இருக்கலாம்.

மற்றப் புற்றுநோய்களில் சான்று இதைவிட வலுவானது. ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்த பிரெடிமெட் சோதனையில், எக்ஸ்ட்ரா வர்ஜின் எனப்படும் உயர்தர ஆலிவ் எண்ணெய் வாரத்துக்கு ஒரு லிட்டர் வீதம் வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழுவில் மார்பகப் புற்றுநோய் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களில் மொத்தமே 35 பேருக்குத்தான் அந்நோய் வந்திருந்தது. அச்சோதனையின் நோக்கமான இதய நோயைப் பற்றிய முதன்மைக் கட்டுரைகூடச் சில மையங்களில் குழு பிரித்த முறையில் கண்ட குறையால் திரும்பப் பெறப்பட்டு, திருத்தத்தோடு 2018இல் மறுபடி வெளியாயிற்று. 45 ஆய்வுகளைத் தொகுத்த 2022ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று, ஆலிவ் எண்ணெய் மிகுதியாக உண்பவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு 31 சதவீதம் குறைவு என்றது. மார்பகம், இரைப்பை-குடல், வாய்-தொண்டை, சிறுநீர்ப் பாதை ஆகியவற்றில் பலன் தெளிவாக இருந்தது. ரத்தப் புற்றுநோய் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. அந்த 45 ஆய்வுகளில் 37, நோய் வந்தவரிடம் ‘முன்பு என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்டுத் தொகுத்தவை. நோய் வந்த பிறகு பழைய சாப்பாட்டை நினைவுகூர்வதில் பிழை நேர்வது இயல்பு.

ரத்தப் புற்றுநோய் ஒவ்வொன்றும் அரிதானது என்பதே பெரிய தடை. எண்ணெயைக் கொடுத்து, அது தடுக்கிறதா என்று சோதிக்க வேண்டுமானால் லட்சக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் ஒரே உணவில் வைத்திருக்க வேண்டும். நடைமுறையில் அது முடியாத காரியம். அளவும் ஒரு சிக்கல். குடுவையில் அணுக்களின்மீது ஊற்றும் பீனாலின் செறிவு, சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் காணப்படும் செறிவைவிடப் பல மடங்கு அதிகம். குடலும் கல்லீரலும் பீனால்களை வேகமாக மாற்றி, சில மணி நேரத்தில் சிறுநீரில் வெளியேற்றிவிடுகின்றன.

எண்ணெயைக் கூட்டினால் பலனும் கூடும் என்று நினைப்பதில் ஆபத்து உண்டு. கிரேக்கச் சோதனையில் கொடுத்த 40 மில்லியில் சுமார் 330 கலோரி இருக்கிறது. வழக்கமான சாப்பாட்டின் மேல் அதை ஊற்றிக்கொண்டால் எடை ஏறும். உடற்பருமனுக்கும் 13 வகைப் புற்றுநோய்களுக்கும் தொடர்பு உறுதியானது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் அறிவித்தது. அந்தப் பதின்மூன்றில் மயலோமாவும் ஒன்று. ஆகவே வழக்கமாகப் பயன்படுத்தும் வேறு எண்ணெய்க்கோ வெண்ணெய்க்கோ பதிலாக ஆலிவ் எண்ணெய் வந்தால்தான் கணக்கு சரியாகும். லுகேமியாவுக்கோ லிம்போமாவுக்கோ சிகிச்சை பெறுபவர் உணவில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்; ஆனால் மருந்தை நிறுத்திவிட்டு எண்ணெயை நம்பினால் உயிருக்கே ஆபத்து. இமாட்டினிப் போன்ற மாத்திரைகளால் நாட்பட்ட மயலாய்டு லுகேமியாவே நீண்ட காலம் அடங்கிக் கிடக்கும் இந்நாளில் அப்படி ஓர் இழப்பு நேரவே கூடாது.

ஒலியிக் அமிலம் மட்டும்தான் வேண்டும் என்றால் ஆலிவைத் தேடிப் போக வேண்டியதில்லை. கடலை எண்ணெயில் ஏறக்குறையப் பாதி அதுதான்; நல்லெண்ணெயில் ஐந்தில் இரண்டு பங்கு. நல்லெண்ணெய்க்குச் செசாமின் என்ற தனிச் சேர்மமும் உண்டு. ஆலிவுக்கே உரியது பீனால் கூட்டம். அதுவும் எல்லாப் பாட்டிலிலும் இருப்பதில்லை. இந்தியக் கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும் ‘போமஸ்’ எண்ணெய், பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரித்தது. ‘லைட்’ என்பதும் சுத்திகரித்ததே; அந்தச் சொல் மணமும் சுவையும் குறைந்ததைக் குறிக்கிறது, கலோரி குறைந்ததை அல்ல. சுத்திகரிப்பில் பீனால்கள் ஏறக்குறைய முழுதும் போய்விடுகின்றன. ரசாயனம் சேர்க்காமல் இயந்திர முறையில் மட்டும் பிழிந்து, அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டாத எண்ணெய்க்குத்தான் எக்ஸ்ட்ரா வர்ஜின் என்று பெயர்.

அதன் தரத்தைச் சோதிக்கும் நிபுணர்கள் நீலக் கண்ணாடிக் குவளையில் எண்ணெயை ஊற்றுகிறார்கள். நிறத்தைப் பார்த்து மயங்காதிருக்கத்தான் நீலம். குவளையை மூடி, உள்ளங்கைச் சூட்டில் சற்று வெதுவெதுப்பாக்கி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்துக் காற்றோடு உறிஞ்சுகிறார்கள். நாக்கில் கசப்பு, விழுங்கியதும் தொண்டையில் கமறல், சில எண்ணெய்களுக்கு ஒரு செருமல், சிலவற்றுக்கு இரண்டு. இக்கசப்பும் கமறலும் அவர்களது மதிப்பீட்டில் குறைகளாக அன்றி நிறைகளாகவே எழுதப்படுகின்றன. வீட்டிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெயை வெறுமனே விழுங்கி இதைப் பார்த்துக்கொள்ளலாம். வெப்பம் பீனால்களைக் குறைக்கும். வதக்குவதற்குப் பயன்படுத்தினாலும், இறக்கிய பிறகு மேலே ஊற்றுவதில்தான் அவை முழுதாகக் கிடைக்கும். வெளிச்சமும் காற்றும்கூட அவற்றை அழிப்பதால், அடர்நிறப் பாட்டிலில் அறுவடை ஆண்டு அச்சிட்டதை வாங்கி, அடுப்பருகில் வைக்காமல் சில மாதங்களில் தீர்த்துவிடுவது நல்லது. திறந்து வெகுநாளான பாட்டிலில் கமறல் மங்கியிருக்கும். ஓலியோகாந்தாலும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும்.